பேரேட்டில் ஏறாத வேலை

அமெச்சூர் என்ற வார்த்தைக்கு நம் ஊரில் நல்ல பெயர் கிடையாது. கல்லூரி ஆண்டு விழா நாடகத்தில் ஒருவன் வசனத்தை மறந்து முழித்தால் அமெச்சூர். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் தலை பாதி வெட்டுப்பட்டால் அமெச்சூர். காசு வாங்காமல் செய்கிறவன் அரைகுறையாகத்தான் செய்வான் என்ற ஒரு கணக்கு அந்த வார்த்தைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. லத்தீனில் அதன் வேருக்கு 'நேசிப்பது' என்று அர்த்தம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்து சேர்வதற்குள் நேசம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அரைகுறை மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று காட்ட ஒரு ஆள் போதும். பெயர் கென்னாடி போரிசோவ். (ஜான் கென்னடிக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது ரஷ்யப் பெயர், நீட்டிச் சொல்ல வேண்டும்.) மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் வானியல் நிறுவனத்துக்குக் கிரீமியாவில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இவர் இன்ஜினியர். தொலைநோக்கிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பது அவருக்குச் சம்பளம் தரும் வேலை. வானத்தைப் பார்த்து எதையாவது கண்டுபிடிப்பது அதில் சேர்த்தி இல்லை. அதை அவர் தன் நேரத்தில், தானே செய்த தொலைநோக்கிகளில் செய்கிறார்.

2019 ஆகஸ்ட் 30, விடியற்காலை. நவுச்னி என்ற சின்ன ஊர். (கிரீமியா 2014-இலிருந்து ரஷ்யாவின் கையில் இருக்கிறது, பெரும்பாலான நாடுகள் அதை உக்ரைனின் பகுதி என்றே சொல்கின்றன. போரிசோவை எந்த நாட்டுக்காரர் என்று எழுதுவது என்று பத்திரிகைகளுக்குக் குழப்பம். அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம்.) மார்கோ என்று பெயரிட்ட தன் சொந்த ஆய்வுக்கூடத்தில், சொந்தமாகக் கட்டிய 65 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மங்கலான புள்ளி நகர்வது தெரிந்தது. மற்ற சிறுகோள்கள் போகிற திசையிலிருந்து அது கொஞ்சம் விலகிப் போய்க்கொண்டிருந்தது. அளந்தார். பட்டியலில் தேடினார். இல்லை. உடனே தகவல் அனுப்பினார்.

உலகத்தின் மற்ற மூலைகளில் இருந்த பலர், அவர்களிலும் நிறைய அமெச்சூர்கள், அதைத் துரத்தி அளந்தார்கள். சுற்றுப்பாதையைக் கணக்குப் போட்டால் விடை விநோதமாக வந்தது. ஒரு பாதை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்ல ஒரு எண் உண்டு. வட்டத்துக்கு அது 0. நீள்வட்டத்துக்கு 1-க்குள். 1-ஐத் தாண்டினால் அந்தப் பொருள் சூரியனைச் சுற்றவில்லை, ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வராமல் போகிறது என்று அர்த்தம். இதற்கு வந்த எண் சுமார் 3.36. சூரியக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல! வேறு ஏதோ நட்சத்திரத்தின் வீட்டிலிருந்து கிளம்பி, எத்தனை கோடி வருஷமோ நடந்து, நம் வாசலைக் கடந்து போகும் பரதேசி.

சுற்றிலும் தூசுப் படலம் இருந்ததால் அது சிறுகோள் அல்ல, வால்மீன் என்று தெரிந்தது. 2019 செப்டம்பரில் 2ஐ/போரிசோவ் என்று அதிகாரபூர்வமாகப் பெயர் வந்தது. 'ஐ' என்றால் நட்சத்திரங்களுக்கு இடையிலிருந்து வந்தது, '2' என்றால் இரண்டாவது. ஹபிள் தொலைநோக்கியைத் திருப்பிப் படம் எடுத்தார்கள். வாயுக்களை ஆராய்ந்தவர்கள், நம் வால்மீன்களில் வழக்கமாகக் காண்பதைவிடக் கார்பன் மோனாக்சைடு மிக அதிகம் என்று கண்டார்கள். பெரிய பெரிய நிறுவனங்களின் வேலை எல்லாம் அதன் பிறகுதான். முதல் புள்ளியைப் பார்த்தவர் ஒரு மெக்கானிக்.

இதுவரை இப்படி வெளியிலிருந்து வந்த விருந்தாளிகள் மூன்று பேர். முதலாவது 2017 அக்டோபரில் ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி பிடித்த ஓமுவாமுவா. மூன்றாவது 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி பிடித்தது. இரண்டுக்கும் நாசாவின் பணம் பின்னால் இருக்கிறது. ராத்திரி முழுக்க வானத்தைத் தானாகவே வருடிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள். நடுவில் இருப்பது போரிசோவ். மூன்றில் ஒன்று. பி.காம். பாஷையில் சொன்னால் 33.33 சதவீத மார்க்கெட் ஷேர்! (மூன்றே மூன்று சாம்பிளை வைத்துக்கொண்டு சதவீதம் போடாதே என்று புள்ளியியல் வாத்தியார் திட்டுவார். திட்டட்டும்.)

இதைப் படித்தவுடன் வணிகவியல் மாணவனுக்கு வரும் முதல் கேள்வி, "சரி, இதில் என்ன வருமானம்?" கேள்வியில் தப்பில்லை. பதில்: ஏறக்குறைய ஒன்றும் இல்லை. சிறுகோள் கண்டுபிடித்தால் யாரும் செக் அனுப்புவதில்லை. அது அவருடைய சொத்தும் ஆகாது. பற்று வைக்க நிறைய இருக்கிறது: கண்ணாடி, கேமரா, மின்சாரம், தூக்கம். வரவுப் பக்கம் ஏறக்குறைய காலி. வாய்ப்புச் செலவு என்று பாடத்தில் படிக்கிறோமே, அதைக் கணக்கில் சேர்த்தால் நஷ்டம் இன்னும் பெரிசு. எந்த ஆடிட்டரும் இந்த ஐந்தொகையைப் பார்த்தால் கடையை மூடச் சொல்வார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஆடிட்டர் இல்லாததால்தான் போரிசோவுக்கு அது கிடைத்தது.

கொஞ்சம் விளக்க வேண்டும். சிறுகோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரிய ஒளியைத் திருப்பி அடிக்கிறது, அவ்வளவுதான். ஆகவே சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில், நள்ளிரவில் உச்சியில் இருக்கும் வானத்தில், அவை பௌர்ணமி நிலவைப் போல முழு முகமும் வெளிச்சமாக இருக்கும். அங்கே பார்த்தால் ஒரு மணி நேரத்தில் நிறையச் சிக்கும். பொதுப்பணத்தில் நடக்கும் பெரிய தேடல்கள் பெரும்பாலான நேரத்தை அந்தப் பக்கமே செலவழிப்பது இயல்பு. இத்தனை டாலர் தந்தோமே எத்தனை கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? எங்கே மீன் அதிகமோ அங்கேதான் ட்ராலர் படகு போகும்.

விடியற்காலையில் சூரியன் எழப்போகிற கிழக்கு வானம் அப்படி இல்லை. தொடுவானத்துக்கு அருகில் காற்றுமண்டலம் தடிமன். வெளுக்க ஆரம்பித்துவிடும். பார்க்கக் கிடைப்பது சொற்ப நேரம். அதில் பெரும்பாலான நாள் ஒன்றும் சிக்காது. அந்த மூலைக்குத்தான் போரிசோவ் தன் தொலைநோக்கியைத் திருப்புகிறார். பெரிய படகுகள் வராத இடத்தில் கட்டுமரம் போடுவது போல. ஏன் அங்கே பார்க்கிறாய், போன மாதம் எத்தனை பிடித்தாய் என்று கேட்க அவருக்கு மேல் யாரும் இல்லை. அவருடைய ராத்திரி, அவருடைய நஷ்டம்.

அந்த மூலை ஒரு மூலைதானே, போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. காரணம் 2013 பிப்ரவரி 15.

அந்த நாளுக்கு ஒரு வருஷம் முன்னால், 2012 பிப்ரவரியில், ஸ்பெயினில் லா சக்ரா என்ற இடத்திலிருந்து ஒரு அமெச்சூர் குழு புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்தது. அந்தக் குழுவின் முக்கியமான ஆள், ஜாவ்மே நோமென், தொழிலால் பல் அறுவைச் சிகிச்சை மருத்துவர். பகலில் பல், ராத்திரியில் கல். (மன்னிக்கவும், தவிர்க்க முடியவில்லை.) அவர்கள் வைத்திருந்த கேமரா பிளானட்டரி சொசைட்டி என்ற அமைப்பு தந்த உதவித்தொகையில் வாங்கியது. 2012 டிஏ14 என்று குறியிடப்பட்ட அந்தக் கல் 2013 பிப்ரவரி 15 அன்று பூமியிலிருந்து சுமார் 27,700 கிலோமீட்டர் உயரத்தில் கடக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். நம் டி.வி. சிக்னல் அனுப்பும் செயற்கைக்கோள்களே 36,000 கிலோமீட்டரில் இருக்கின்றன. சொன்ன நாளில், சொன்ன தூரத்தில், சொன்னபடியே கடந்து போனது. உலகமே அதற்காகக் காத்திருந்தது.

அதே நாள், அது வருவதற்குச் சில மணி நேரம் முன்பு, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே வேறொரு கல் வெடித்தது. சுமார் 20 மீட்டர். யாருக்கும் தெரியாது, யாரும் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஏறக்குறைய 1,500 பேருக்குக் காயம். இரண்டு கல்லுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தம் கிடையாது, திசையே வேறு. இரண்டாவது வந்தது சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து.

போரிசோவ் மாதிரி பத்துப் பேர் இருந்திருந்தால் செல்யாபின்ஸ்க் கல்லைப் பிடித்திருப்பார்களா? அப்படிச் சொல்வது பொய். பகல் வானத்தின் வெளிச்சத்துக்குள்ளேயே வரும் பொருளைத் தரையிலிருக்கும் எந்தத் தொலைநோக்கியாலும் பார்க்க முடியாது. அதற்கு விண்வெளியில் ஒரு கண் வேண்டும். நாசா நியோ சர்வேயர் என்ற ஒன்றைத் தயாரித்துவருகிறது, 2027-இல் ஏவுவதாகத் திட்டம். ஆனால் சூரியனுக்கு ரொம்பவும் ஒட்டாத, விடியலுக்கும் இருட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த விளிம்பு இருக்கிறதே, அது தரையிலிருந்தே பார்க்கக்கூடியது.

பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2023 ஜனவரி 21. மறுபடியும் அதே மார்கோ, அதே போரிசோவ். இம்முறை வால்மீன் இல்லை, கச்சிதமான சிறுகோள். குறியீடு 2023 பியூ. (இந்தக் குறியீட்டுக்கு ஒரு லாஜிக் உண்டு. ஆங்கில எழுத்தில் 'பி' என்றால் ஜனவரியின் இரண்டாம் பாதி. 'யூ' என்றால் அந்தப் பாதி மாதத்தில் பட்டியலில் ஏறிய 20-ஆவது பொருள். குழப்பம் வரக்கூடாதென்று 'ஐ' என்ற எழுத்தை விட்டுவிடுவார்கள். நம் கல்லூரி ரோல் நம்பரை விடப் புத்திசாலித்தனம்.) அகலம் அதிகபட்சம் எட்டரை மீட்டர், ஒரு மினி லாரி அளவு. மூன்றே நாளில் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அளந்து அனுப்ப, நாசாவின் கணக்கு வந்தது: மோதாது, ஆனால் உரசும். ஜனவரி 27, இந்திய நேரப்படி காலை ஆறு மணிக்குச் சற்று முன், தென் அமெரிக்காவின் தெற்கு முனைக்கு மேலே வெறும் 3,600 கிலோமீட்டரில் கடந்தது. கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் நடுவில் ஒருமுறை போய்ப் பாதி வழி திரும்பினால் வரும் தூரத்தைவிடக் கம்மி. பூமியின் ஈர்ப்பு அதன் பாதையையே வளைத்துவிட்டது. சூரியனைச் சுற்ற 359 நாள் எடுத்துக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகு 425 நாள் ஆகிவிட்டது.

விழுந்திருந்தாலும் பெரும்பகுதி காற்றிலேயே எரிந்திருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆறு நாள் முன்னதாகத் தெரிந்தது என்பது சின்ன விஷயமா? செல்யாபின்ஸ்க் மக்களுக்கு ஆறு நிமிஷம் கிடைத்திருந்தால் ஜன்னலை விட்டுத் தள்ளி நின்றிருப்பார்கள்.

பேப்பர்காரர்கள் இந்த மாதிரி நேரத்தில் அடிக்கும் கூத்தைத் தனியாக எழுத வேண்டும். 2013 அக்டோபரில் போரிசோவ் 2013 டிவி135 என்ற சிறுகோளைக் கண்டார். 2032-இல் மோத 63,000-இல் ஒரு வாய்ப்பு என்று முதல் கணக்கு வந்தது. அதாவது மோதாமல் போக 62,999 வாய்ப்பு. உடனே உலக அழிவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் கூடுதல் அளவீடுகள் வந்து அந்த வாய்ப்பும் காணாமல் போனது. அதைத் தலைப்புச் செய்தியாகப் போட்டவர்கள் எத்தனை பேர்?

இந்த வகையில் போரிசோவ் முதல் ஆள் அல்ல. சிறுகோள் வேட்டையின் வரலாறே காசு வாங்காதவர்களால் ஆனது என்று சொன்னாலும் தப்பில்லை. 1801-இல் முதல் சிறுகோள் சீரிஸ். 1807-க்குள் நான்கு. அதில் இரண்டைக் கண்ட ஓல்பர்ஸ் ஒரு டாக்டர். அதன் பிறகு 38 வருஷம் ஒன்றும் இல்லை. நான்குதான் போலிருக்கிறது என்று பெரியவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். பிரஷ்யாவில் ட்ரீஸன் என்ற சிற்றூரில் கார்ல் ஹென்கே என்று ஒருவர், தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 1830-இல் தேட ஆரம்பித்தார். நட்சத்திர வரைபடத்தை வைத்துக்கொண்டு, படத்தில் இல்லாத புள்ளி வானத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. கேமரா கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, 15 வருஷம்! 1845 டிசம்பர் 8 அன்று ஐந்தாவது சிறுகோளான ஆஸ்ட்ரியா கிடைத்தது. 1847-இல் அவரே ஆறாவதையும் பிடித்தார். கதவு திறந்துவிட்டது. 1847-இலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு சிறுகோளாவது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, போர் முடிந்த 1945-ஐத் தவிர.

வருமானமே இல்லாமல் 15 வருஷம் ஒரு முதலீட்டைத் தொடர்ந்தால் 'மூழ்கிய செலவைப் பார்த்து முடிவெடுக்காதே' என்று பாடப்புத்தகம் எச்சரிக்கும். ஹென்கே பாடப்புத்தகம் படிக்காதது வானியலுக்கு நல்லதாகப் போயிற்று.

இன்னொருவர் ஹெர்மன் கோல்ட்ஷ்மித், பாரிஸில் ஓவியர். கஃபே ப்ரோகோப் என்ற புகழ்பெற்ற காபிக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார். ஓவியத்தில் வந்த காசில் வாங்கிய சின்னத் தொலைநோக்கியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, 1852 நவம்பரில் லுட்டேஷியாவைக் கண்டார். பாரிஸின் பழைய லத்தீன் பெயர் அது. மொத்தம் 14 சிறுகோள்கள், பெரும்பாலும் அந்த வாடகை வீட்டு உயரத்திலிருந்து. 2010 ஜூலையில் ஐரோப்பாவின் ரொசெட்டா விண்கலம் லுட்டேஷியாவின் பக்கத்தில் போய்ப் படம் எடுத்து அனுப்பியது. நூறு கிலோமீட்டர் அளவுள்ள பாறை, முகமெல்லாம் அம்மைத் தழும்பு.

காசைப் பற்றி இவ்வளவு பேசியபின் பெயர் வைக்கும் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. இந்த உலகத்தில் விலைக்கு வராத பொருள்களின் பட்டியல் ரொம்பச் சிறிசு. அதில் சிறுகோள் பெயர் ஒன்று. சுற்றுப்பாதை உறுதியாகி நிரந்தர எண் கிடைத்தபின், கண்டுபிடித்தவருக்குப் பெயர் சிபாரிசு செய்யும் உரிமை 10 வருஷத்துக்கு உண்டு. 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அரசியல்வாதி, ராணுவத் தலைவர் பெயர் வேண்டுமென்றால் அவர் இறந்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும். (இந்த விதியை நம் பஸ் ஸ்டாண்டுகளுக்கும் கொண்டுவந்தால் எப்படி இருக்கும்!) வியாபாரப் பெயர்கள் கூடாது. பூனை, நாய் பெயரைத் தவிர்க்கவும் என்று ஒரு வேண்டுகோள். ஒரு வானியலாளர் மிஸ்டர் ஸ்பாக் என்ற தன் பூனையின் பெயரை 2309-ஆம் சிறுகோளுக்கு வைத்த பிறகு வந்தது. கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது மரபில்லை. வால்மீனுக்கு மட்டும் கண்டவர் பெயர் வந்துவிடும்.

'நட்சத்திரத்துக்கு உங்கள் காதலி பெயர் வைக்கிறோம், சான்றிதழ் தருகிறோம்' என்று இணையத்தில் விற்கிறார்களே, அதற்கு வானியல் உலகில் எந்த மதிப்பும் இல்லை. சர்வதேச வானியல் ஒன்றியம் எந்தப் பெயரையும் விற்பதில்லை. அதே வானத்தில், 4130 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். 1988-இல் நம் ஜவ்வாது மலைக் காவலூரிலிருந்து ஆர். ராஜமோகன் கண்டுபிடித்தது. சென்னைத் துறைமுகத்தில் கணக்கெழுதிக்கொண்டே, யாரும் சம்பளம் தராத கணக்கை ராத்திரியில் போட்டவர் ராமானுஜன். அந்தப் பெயருக்கு யாரும் ஒரு பைசா கட்டவில்லை.

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். அது பலமான வாதம். போரிசோவ் ஒரு விதிவிலக்கு, அமெச்சூர்களின் காலம் முடிந்துவிட்டது என்பது. எண்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1990-களின் கடைசியில் லீனியர் என்ற தானியங்கித் தேடல் வந்தபோதே கொல்லைப்புறத் தொலைநோக்கிக்காரர்கள் பலர் கையைக் கட்டிக்கொண்டார்கள். இப்போது அறியப்பட்ட சிறுகோள்கள் 14 லட்சத்துக்கும் மேல். மிகப் பெரும்பான்மை இயந்திரங்கள் பிடித்தவை. 2025 ஜூனில் சிலியின் ரூபின் ஆய்வுக்கூடம் தன் முதல் படங்களை வெளியிட்டது. சுமார் பத்து மணி நேரப் படங்களில் மட்டும் 2,104 புதிய சிறுகோள்கள்! கோல்ட்ஷ்மித் ஆயுள் முழுக்கப் பிடித்தது 14. ஹோல்சேல் கடைக்கு எதிரில் பெட்டிக்கடை எத்தனை நாள் தாங்கும்?

வாதம் எண்ணிக்கையைப் பொறுத்தவரை சரி. ஆனால் எண்ணிக்கை ஒரு பாதிதான். ஒரு புள்ளியை முதலில் பார்ப்பது எளிது. அது எங்கே போகிறது என்று தெரிய அடுத்த நாள், அடுத்த வாரம் மறுபடி அளக்க வேண்டும். பெரிய இயந்திரம் தன் அட்டவணைப்படி அடுத்த வானத்துண்டுக்குப் போய்விடும், ஒரு கல்லுக்காக நின்றுகொண்டிருக்காது. அந்தக் கல் வேறொரு நாட்டின் ராத்திரியில் தெரியும்போது அங்கே யாராவது விழித்திருக்க வேண்டும். 2023 பியூவின் பாதை மூன்று நாளில் முடிவானது, பல தீர்க்கரேகைகளில் விழித்திருந்த ஆட்களால்தான். அவர்கள் அனுப்பும் அளவீடுகள் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் உள்ள சிறுகோள் மையத்தில் சேர்கின்றன. அங்கே ஆய்வுக்கூடத்துக்கு மூன்றெழுத்துக் குறியீடு தருவார்கள். மார்கோவின் குறியீடு எல்51. அந்தப் பட்டியலில் பல கோடி டாலர் ஆய்வுக்கூடமும் ஒருவருடைய மொட்டைமாடியும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. அளவு துல்லியமாக இருந்தால் ஏற்பார்கள், இல்லையென்றால் இல்லை. சர்டிபிகேட் கேட்பதில்லை.

அதே சமயம், 'யார் வேண்டுமானாலும் போரிசோவ் ஆகலாம்' என்று மோட்டிவேஷன் வகுப்பு எடுப்பதும் ஏமாற்று வேலை. அவர் தொலைநோக்கிகளோடு தொழிலாகவே வாழ்கிறவர். 65 சென்டிமீட்டர் தொலைநோக்கியைச் சொந்தமாகக் கட்டும் கை எல்லோருக்கும் வாய்க்காது. அவர் இருக்கும் ஊரின் வானம் இருட்டு. நம் நகரங்களில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வானம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. பத்துக்கும் மேற்பட்ட வால்மீன்கள் அவர் பெயரில் இருப்பதற்குப் பின்னால், ஒன்றுமே சிக்காத ராத்திரிகள் எத்தனை இருக்கும்!

ஆகவே கோரிக்கை சின்னதுதான். லா சக்ரா குழுவின் கேமராவுக்குப் பணம் தந்த பிளானட்டரி சொசைட்டி, ஷூமேக்கர் உதவித்தொகை என்ற பெயரில் 1997-இலிருந்து இப்படிப்பட்ட ஆட்களுக்கு உதவிவருகிறது. விண்கலத்தின் பட்ஜெட்டோடு ஒப்பிட்டால் அதெல்லாம் டீச்செலவு. கோடிகளில் புழங்கும் நம் நிறுவனங்களும் சமூகப் பொறுப்புக் கணக்கில் பூங்காவுக்குப் பெயிண்ட் அடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வதில் ஒரு துளியை, மலையோரத்தில் தொலைநோக்கி வைத்திருக்கும் நாலு பேருக்கு ஒரு நல்ல கேமராவாகக் கொடுக்கலாம். வருமானம் என்ன என்று கேட்காமல் கொடுக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

தொலைநோக்கி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஐஏஎஸ்சி என்ற சர்வதேசத் திட்டம் பான்-ஸ்டார்ஸ் எடுத்த படங்களைப் பள்ளி, கல்லூரி அணிகளுக்கு அனுப்புகிறது. சில நிமிஷ இடைவெளியில் எடுத்த நான்கு படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட வேண்டும். நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும், சிறுகோள் மட்டும் அடி வைத்து நகரும். அதை அளக்கும் அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளை எழுதிய ஹெர்பர்ட் ராப், ஆஸ்திரியாவில் இருக்கும் ஒரு அமெச்சூர். இந்தியாவிலிருந்து நிறைய அணிகள் கலந்துகொண்டிருக்கின்றன. கட்டணம் கிடையாது. அறிவியல் பிரிவில் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.